கம்பெனி இணைப்பா? வக்கீல்கிட்ட போறதுக்கு முன்னாடி பேப்பர்ல இல்லாததை எழுதி வைங்க

ரெண்டு சின்ன கம்பெனி ஓனருங்க ஒண்ணா சேரலாம்னு உக்காந்தா பேச்சு மூணே விஷயத்தைச் சுத்தித்தான் ஓடும். விலை என்ன, யாருக்கு எத்தனை பங்கு, போர்டுல யாரு பேரு முதல்ல. நான் கணக்குப் பக்கம் உக்காந்து இந்த மாதிரி சில இணைப்பைப் பாத்திருக்கேன், பாதியில நின்னது இருக்கு, முடிஞ்சு ஆறு மாசத்துல குடுமிப்பிடி சண்டையானது இருக்கு, ஒண்ணு கூட விலையால உடையல. எங்கயுமே எழுதாம ஓனரோட தலைக்குள்ள, இல்லன்னா போனுக்குள்ள இருந்த ஏதோ ஒண்ணுதான் கடைசி நேரத்துல வெளிய வந்து கவுத்துச்சு.

பெரிய கம்பெனின்னா எல்லாத்துக்கும் ஒரு ஃபைல் இருக்கும். சின்னதுல அப்படி இல்ல, சப்ளையர் 60 நாள் கடன் குடுப்பார் ஆனா பில்லுல 30 நாள்னு இருக்கும், பில்டிங் அக்ரிமென்ட் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆயிருக்கும் ஆனா ஹவுஸ் ஓனர் பழகினவர்ங்கறதால ஒண்ணும் கேக்க மாட்டார், பத்து வருஷமா இருக்குற ஒரு ஆளுக்கு "பின்னாடி உனக்கு பங்கு தரேன்"னு வாயால சொல்லியிருப்பாங்க. இது எதையும் எந்த வக்கீலும் கண்டுபிடிக்க முடியாது, ஏன்னா அவர் படிக்கிறது பேப்பரை.

அதனால முதல் வேலை இதுதான். ரெண்டு ஓனரும் தனித்தனியா ஒரு நோட்டு எடுத்துக்கிட்டு ஒரு வாரம் எழுதுங்க. யார் யாருக்கு வாயால என்ன வாக்கு குடுத்திருக்கோம், எந்த கஸ்டமர் நம்ம முகத்துக்காக மட்டும் வர்றாங்க, எந்த பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு, எந்த கடனுக்கு நம்ம சொந்தக் கையெழுத்து போட்டிருக்கோம், எந்த மெஷின் உண்மையில கம்பெனி பேர்ல இல்லாம நம்ம பேர்லயோ சொந்தக்காரங்க பேர்லயோ இருக்கு. டொமைன் பேரையும் பாருங்க, அது பல இடத்துல வெப்சைட் பண்ணிக் குடுத்த பையனோட அக்கவுன்ட்ல கிடக்கும். நான் பாத்த ஒரு டீல்ல எல்லாப் பேப்பரும் ரெடி, ஆனா கம்பெனி பேரோட டிரேட்மார்க் மட்டும் பிரிஞ்சு போன பழைய பார்ட்னர் பேர்ல இருந்துச்சு, அவர் சும்மா ஒரு கையெழுத்துக்கு கேட்ட தொகையைக் கேட்டு ரெண்டு பேரும் ஒரு மாசம் தூங்கல.

இணைப்புன்னா எது இணைப்பு

ஊர்ல எல்லாரும் மெர்ஜர்னு ஒரே வார்த்தையில சொல்லிடுவாங்க. சட்டத்துல மூணு வழி இருக்கு, எதுல போறோம்ங்கறதைப் பொறுத்து தலைவலியும் மாறும்.

ஒண்ணு, பங்கு வாங்குறது. அந்த கம்பெனி அப்படியே இருக்கும், ஓனர் மட்டும் மாறுவார். கான்ட்ராக்ட், லைசென்ஸ், ஆளுங்க எல்லாம் அப்படியே தொடரும், அதே மாதிரி பழைய வரி பாக்கி, நடந்துட்டு இருக்குற கேஸ், நாலு வருஷம் முன்னாடி யாரோ பண்ண தப்பு, அதுவும் கூடவே வரும். ரெண்டாவது, சொத்தும் தொழிலும் மட்டும் வாங்குறது. வேணும்ங்கறதை எடுத்துக்கிட்டு வேணாம்ங்கறதை விட்டுடலாம்னு கேக்க நல்லா இருக்கும், ஆனா ஒவ்வொரு கான்ட்ராக்டுக்கும் எதிர்த்தரப்போட சம்மதம் வாங்கணும், பல லைசென்ஸ் பேர் மாத்த முடியாது, புதுசாவே அப்ளை பண்ணணும். மூணாவதுதான் நிஜமான சட்டப்படி இணைப்பு, ஒரு கம்பெனி இன்னொண்ணுக்குள்ள கரைஞ்சு போயிடும், சொத்து கடன் ரெண்டும் சட்டத்தாலயே கை மாறும். ஆனா இதுக்கு பங்குதாரர்கள், கடன் குடுத்தவங்க, அரசாங்க அதிகாரி இல்லன்னா தீர்ப்பாயம்னு ஒரு வரிசையே சரின்னு சொல்லணும்.

இந்தியாவை எடுத்துக்கிட்டா 2013 கம்பெனி சட்டத்துல 230லேருந்து 232 வரைக்கும் உள்ள பிரிவு தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் வழியா போற நீளமான பாதை. சின்ன கம்பெனிகளுக்குன்னு 233வது பிரிவுல ஒரு குறுக்கு வழி வச்சாங்க, 2016 டிசம்பர்ல அமலுக்கு வந்துச்சு, தீர்ப்பாயம் போக வேணாம். கேக்க சுகமா இருக்கு இல்ல? ஆனா அந்தப் பிரிவு எழுதினபடி மொத்தப் பங்குல 90 சதவீதம் வச்சிருக்குறவங்க ஒத்துக்கணும், கடன் குடுத்தவங்கள்ல மதிப்புப்படி பத்துல ஒன்பது பங்கு ஒத்துக்கணும். மீட்டிங்குக்கு வந்தவங்கள்ல 90 இல்ல, மொத்தப் பங்குல 90. கம்பெனி ஆரம்பிக்கிறப்போ பேருக்கு 12 சதவீதம் வாங்கிட்டு வெளிநாடு போயிட்ட ஒருத்தர் போனை எடுக்கலன்னா குறுக்கு வழி அங்கயே அடைஞ்சு போச்சு. சண்டை போடுற பங்குதாரரை விட காணாமப் போன பங்குதாரர்தான் ஆபத்து, சண்டை போடுறவர்கிட்ட பேசவாவது முடியும். அதனால பங்குதாரர் ரிஜிஸ்டரை எடுத்து ஒவ்வொரு பேருக்கும் நேர்ல போன் போடுங்க, இதை முதல் வாரத்துலயே பண்ணுங்க.

இன்னொண்ணு, ஒரு ஆள் தனியா சொந்தப் பேர்ல நடத்துற தொழிலுக்கு இந்த மூணாவது வழியே கிடையாது. அங்க கம்பெனின்னு தனியா ஒரு சட்ட ஆளே இல்ல, அவரும் தொழிலும் ஒண்ணு. அவர் தொழிலை வித்துட்டு வரலாம், இல்லன்னா ரெண்டு பேரும் சேந்து புதுசா ஒரு கம்பெனி பதிஞ்சு ரெண்டு தொழிலையும் அதுக்குள்ள கொண்டு வரலாம். இதைத் தெரியாம இணைப்பு ஒப்பந்தம்னு தலைப்பு போட்டு முத்திரைத்தாள்ல அடிச்சு வச்சிருந்தவங்களை நானே பாத்திருக்கேன்.

வரியையும் இங்கயே பாத்துடணும். "அவன் கம்பெனில நஷ்டம் நிறைய இருக்கு, நம்ம லாபத்துக்கு எதிரா கழிச்சுக்கலாம்"னு யாராவது ஐடியா குடுத்தா உடனே சந்தோஷப்படாதீங்க. பல நாட்டுல இதுக்குன்னே கேட் போட்டு வச்சிருக்காங்க, அமெரிக்க வரிச் சட்டத்தோட 382வது பிரிவுல மூணு வருஷத்துக்குள்ள 50 சதவீதப் புள்ளிக்கு மேல ஓனர்ஷிப் மாறினா பழைய நஷ்டத்தை வருஷத்துக்கு இவ்ளோதான் கழிக்கலாம்னு கட்டுப்பாடு வந்துடும். எந்த வழியில சேரணும்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி வரி ஆளோட ஒரு மணி நேரம் உக்காருங்க, முடிவு பண்ணிட்டு போய் உக்காந்தா அவரால ஆறுதல் மட்டும்தான் சொல்ல முடியும்.

பேங்க், பில்டிங், அப்புறம் உங்க சொந்தக் கையெழுத்து

இந்த இடத்துலதான் நான் ரொம்ப நேரம் நிப்பேன், ஏன்னா சின்ன கம்பெனில அதிகமா அடி விழுறது இங்கதான்.

எல்லா கான்ட்ராக்டையும் ஒரு மேசையில அடுக்கி ரெண்டே ரெண்டு விஷயம் தேடுங்க. "எங்க எழுத்து மூலமான அனுமதி இல்லாம வேற ஆளுக்கு மாத்தக் கூடாது"ன்னு ஒரு வரி இருக்கும். இன்னொரு வரி "கம்பெனியோட கட்டுப்பாடு கை மாறினா நாங்க இந்த ஒப்பந்தத்தை ரத்து பண்ணலாம்"னு இருக்கும். சொத்து வாங்குற வழியில முதல் வரி கடிக்கும், பங்கு வாங்குற வழியில ரெண்டாவது கடிக்கும். லோன் பேப்பர், டீலர்ஷிப், வாடகை, லீஸ்ல எடுத்த மெஷின், சாஃப்ட்வேர் லைசென்ஸ், பெரிய கஸ்டமரோட வருஷ ஒப்பந்தம், இது எல்லாத்துலயும் தேடுங்க. எங்க இருக்கோ அவங்க பேரை எழுதி, சம்மதம் வராம டீல் முடியாதுன்னு ஒரு பட்டியல், வந்தா நல்லது வராட்டியும் சமாளிக்கலாம்னு ஒரு பட்டியல்னு பிரிச்சுக்குங்க. எல்லாரையும் ஒரே நேரத்துல கேக்காதீங்க. பேங்க் முதல்ல, பில்டிங் ஓனர் அடுத்து, கஸ்டமர் கடைசில. கஸ்டமர்கிட்ட முதல்ல போனா விஷயம் ஒரே நாள்ல உங்க போட்டியாளர் காதுக்கு போயிடும்.

இப்போ சொந்த ஜாமீன். சின்ன கம்பெனி ஓனர் பாதிப் பேர் ஓவர்டிராஃப்டுக்கு வீட்டை அடமானம் வச்சிருப்பார், இல்லன்னா தனிப்பட்ட முறையில நான் பொறுப்புன்னு கையெழுத்து போட்டிருப்பார், போட்டதையே மறந்திருப்பார். கம்பெனி கை மாறிட்டா அந்தக் கையெழுத்து தானா அழியும்னு நினைக்காதீங்க, அழியாது. கம்பெனி இன்னொருத்தர் கைல, முடிவு எல்லாம் அவர் எடுப்பார், கடன் கட்டலன்னா பேங்க் உங்க வீட்டுக் கதவைத் தட்டும். "முடிஞ்சதும் ஒரு மாசத்துல மாத்திடலாம்"னு சொல்லுவாங்க, நல்ல மனசோடதான் சொல்லுவாங்க, ஆனா பேங்குக்கு உங்களை விடணும்னு எந்த அவசரமும் இல்ல, ரெண்டு பேர் ஜாமீன் இருந்தா அதுக்கு லாபம்தானே. அதனால ஜாமீன் விடுவிச்ச லெட்டர் கைக்கு வந்தாத்தான் டீல் முடிஞ்சதா கணக்குன்னு ஒப்பந்தத்துலயே முன் நிபந்தனையா போடுங்க. பேங்க் ஒத்துக்கலன்னா பழைய கடனை அடைச்சுட்டு புது ஓனர் பேர்ல புதுக் கடன் எடுக்குற வழியைப் பாருங்க. அதுவும் முடியலன்னா குறைஞ்சபட்சம் வாங்குறவர் "உங்களுக்கு நஷ்டம் வந்தா நான் தரேன்"னு எதிர் உறுதி எழுதிக் குடுக்கட்டும், ஆனா அவர் கைல பணம் இருக்குற வரைக்கும்தான் அதுக்கு மதிப்பு, இதையும் சொல்லிடறேன்.

புத்தகத்தைப் பாக்குறது

கணக்கைச் சோதிக்க பெரிய டீம் வேணும்னு இல்ல, பொறுமை வேணும். சேல்ஸ் ரிஜிஸ்டரை பேங்க் ஸ்டேட்மென்டோட மாசா மாசம் ஒப்பிடுங்க. வர வேண்டிய பாக்கியை எத்தனை நாளாச்சுன்னு பிரிச்சுப் பாருங்க, 180 நாள் தாண்டினதை சொத்துன்னு நம்பாதீங்க. ஸ்டாக்கை லிஸ்ட்ல பாக்காம கோடவுனுக்கு போய் எண்ணுங்க. முதல் மூணு கஸ்டமர் போயிட்டா மிச்சம் என்ன லாபம்னு போட்டுப் பாருங்க. ஓனரோட வீட்டுச் செலவு, காரு, பசங்க ஃபீஸ் எல்லாம் கம்பெனி கணக்குல ஓடியிருக்கும், இன்னொரு பக்கம் ஓனர் சம்பளமே எடுக்காம வேலை பாத்திருப்பார், ரெண்டையும் சரி பண்ணாதான் உண்மையான லாபம் தெரியும். பெரியவங்களும் இதுல ஏமாறுவாங்க, ஹெச்பி 2011ல ஆட்டோனமிங்குற சாஃப்ட்வேர் கம்பெனியை 1,100 கோடி டாலருக்கு மேல குடுத்து வாங்கிட்டு அடுத்த வருஷமே 880 கோடி டாலரை நஷ்டம்னு எழுதித் தள்ளுச்சு, அப்புறம் வருஷக்கணக்கா கோர்ட்டு.

அதிகமா நடக்குற ஒரு தந்திரம் சொல்றேன், தந்திரம்னு தெரியாமலே கூட செய்வாங்க. டீல் முடியுறதுக்கு முந்தின ரெண்டு மாசம் விக்கிறவர் வர வேண்டிய பாக்கியை எல்லாம் வேகமா வசூல் பண்ணிடுவார், தர வேண்டிய பாக்கியை தள்ளிப் போடுவார், ஸ்டாக் வாங்குறதைக் குறைப்பார். பேங்க்ல காசு பளபளன்னு இருக்கும், அதை அவர் எடுத்துக்குவார். நீங்க சாவி வாங்கி உள்ள போனா முதல் வாரமே சப்ளையர் வாசல்ல நிப்பாங்க. கடந்த 12 மாசத்துல தொழில் ஓட சராசரியா எவ்ளோ நடைமுறை மூலதனம் (ஸ்டாக்கும் வர வேண்டிய பாக்கியும் சேத்து, தர வேண்டிய பாக்கியைக் கழிச்சது) தேவைப்பட்டுச்சுன்னு ஒரு அளவு முன்னாடியே எழுதிக்குங்க, முடியுற நாள்ல அதுக்குக் கீழ இருந்தா அந்த வித்தியாசம் விலையில கழியும். சீசன் தொழில்னா சராசரி ஏமாத்தும், அந்தந்த மாசத்துக்கான அளவைப் போடுங்க.

எவ்ளோ பாத்தாலும் ஏதாவது மிச்சம் இருக்கும், அதுக்குத்தான் விலையில ஒரு பகுதியை மூணாவது ஆள் கைல 12 இல்லன்னா 18 மாசம் நிறுத்தி வைக்குறது. பழைய பாக்கி எதாவது முளைச்சா அதுலேருந்து எடுத்துக்கலாம், விக்கிறவர் பின்னாடி ஓட வேணாம். விக்கிறவரும் பயப்படாம எல்லாக் குறையையும் எழுத்துல முன்னாடியே சொல்லிடறது அவருக்குத்தான் பாதுகாப்பு, சொன்னதுக்கு பின்னாடி கேஸ் போடுறது கஷ்டம்.

"மிச்ச விலையை அடுத்த ரெண்டு வருஷ லாபத்தைப் பாத்து தரேன்"ங்குற ஏற்பாடும் உண்டு. விலையில ஒத்து வரலன்னா இது நல்ல பாலம் மாதிரி தெரியும். ஆனா நிகர லாபத்தை வச்சு எழுதாதீங்க, புது ஓனர் தன்னோட ஆபீஸ் செலவை எல்லாம் இந்தப் பக்கம் தள்ளி லாபத்தைக் காணாமப் பண்ணிடலாம். விற்பனையையோ, சரக்குச் செலவு மட்டும் கழிச்ச மொத்த லாபத்தையோ வைங்க, கணக்கை யார் போடுவா, தகராறுன்னா எந்த ஆடிட்டர் சொல்றது கடைசி வார்த்தைன்னு பேரோட எழுதுங்க.

ஆளுங்க

சம்பளம் வாங்குறவங்களை மேசை நாற்காலி மாதிரி கை மாத்த முடியாது. ஐரோப்பாவுல 1977லேருந்தே இதுக்கு சட்டம் இருக்கு, இப்போ உள்ளது 2001ல வந்தது, தொழில் கை மாறினா ஆளுங்க அதே சம்பளம் அதே சர்வீஸோட புது முதலாளிகிட்ட போவாங்க. பிரிட்டன்ல இதுக்கு 2006ல வந்த டியூப்பேங்குற விதிகள் இருக்கு, முன்னாடியே ஊழியர்கள் தரப்புல கலந்து பேசலன்னா ஒரு ஆளுக்கு 13 வாரச் சம்பளம் வரைக்கும் கட்ட வேண்டி வரலாம். உங்க நாட்டுல என்னன்னு பாத்துக்குங்க, ஆனா எந்த நாடா இருந்தாலும் வாயால குடுத்த வாக்கு சட்டத்துல நிக்காட்டியும் ஆபீஸ்ல நிக்கும்.

ஒரே வேலை, ரெண்டு சம்பளம். இணைஞ்ச மறுநாளே ரெண்டு பக்க ஆளும் டீ குடிக்கிறப்போ சம்பளத்தை ஒப்பிட்டுடுவாங்க, அதைத் தடுக்கவே முடியாது. கூட வாங்குறவருக்குக் குறைக்க முடியாது, கம்மியா வாங்குறவருக்கு ஏத்தணும், அந்தச் செலவை விலை பேசுறப்போவே கணக்குல சேத்துடுங்க. ஒவ்வொரு பக்கமும் "இவங்க போயிட்டா கதவை மூடணும்"ங்குற மாதிரி ரெண்டு மூணு பேர் இருப்பாங்க, பெரும்பாலும் மேனேஜரா இருக்க மாட்டாங்க, பில் போடுற அக்காவா இருக்கும், மெஷினோட சத்தத்தை வச்சே என்ன ரிப்பேர்னு சொல்ற அண்ணனா இருக்கும். அவங்ககிட்ட தனியா உக்காந்து பேசுங்க, ஒரு வருஷம் இருந்தா இவ்ளோன்னு எழுதிக் குடுங்க. அறிவிப்பை ரெண்டு ஆபீஸ்லயும் ஒரே நாள் ஒரே நேரம் சொல்லுங்க, ஒரு பக்கம் காலையில சொல்லி இன்னொரு பக்கம் மறுநாள் சொன்னா நடுவுல ஓடுற வாட்ஸ்அப் கதைக்கு நீங்க பொறுப்பு.

டேட்டாவும் சிஸ்டமும்

கஸ்டமர் லிஸ்ட்டை டீல் முடியுறதுக்கு முன்னாடி பேரோட நம்பரோட அனுப்பாதீங்க. தனியுரிமைச் சட்டம் ஒரு காரணம், டீல் நின்னு போனா உங்க லிஸ்ட் போட்டியாளர் கைல இருக்கும்ங்கறது இன்னொரு காரணம். ஒரே தொழில்ல இருக்குற ரெண்டு பேர் சேருறதுக்கு முன்னாடியே விலைப் பட்டியலைப் பகிர்ந்துக்கிட்டா போட்டிச் சட்டத்துலயும் மாட்டலாம், சின்ன டீலுக்கு அரசாங்க அனுமதி பல இடத்துல தேவைப்படாதுங்கறது வேற விஷயம். பேரை மறைச்சு கஸ்டமர் ஒண்ணு, கஸ்டமர் ரெண்டுன்னு குடுங்க, இல்ல ஆடிட்டர் மட்டும் பாக்கட்டும்.

வாங்குற கம்பெனியோட சிஸ்டத்துக்குள்ள ஏற்கனவே யாராவது புகுந்திருக்காங்களான்னும் பாக்கணும். மேரியட் ஹோட்டல் கம்பெனி 2016ல ஸ்டார்வுட் ஹோட்டல்களை வாங்குச்சு, அந்த சிஸ்டத்துக்குள்ள 2014லேருந்தே திருடன் உக்காந்திருந்தது 2018லதான் தெரிஞ்சுது, பிரிட்டன் தகவல் ஆணையர் 2020ல போட்ட அபராதம் 1.84 கோடி பவுண்டு, கட்டினது மேரியட்.

ரெண்டு சாஃப்ட்வேரையும் ஒரே ராத்திரியில ஒண்ணாக்கலாம்னு யாராவது சொன்னா பிரிட்டன்ல உள்ள டிஎஸ்பி பேங்க் கதையைச் சொல்லுங்க. ஸ்பெயின்ல உள்ள சபாடெல் பேங்க் 2015ல அதை வாங்கி, 2018 ஏப்ரல்ல ஒரே வீக்எண்ட்ல புது சிஸ்டத்துக்கு மாத்துனாங்க, 19 லட்சம் பேர் வரைக்கும் தங்களோட அக்கவுன்டைத் திறக்க முடியாம நின்னாங்க, 2022ல அபராதம் 4.86 கோடி பவுண்டு. அவங்களுக்கே அந்த கதின்னா ஒரே ஒரு ஐடி பையனை வச்சிருக்குற நமக்கு? ரெண்டையும் மூணு மாசம் பக்கத்துல பக்கத்துல ஓட விடுங்க, பில்லிங் கடைசியா மாறட்டும், வருஷ முடிவு மாசத்துல தொடவே தொடாதீங்க.

ஒரு உறையில ரெண்டு கத்தி

சரிசமமா சேருறோம், 50க்கு 50ன்னு பெருமையா சொல்லுவாங்க. கார் கம்பெனிங்க டெய்ம்லரும் கிரைஸ்லரும் 1998ல அப்படித்தான் சொன்னாங்க, 2007ல டெய்ம்லர் கிரைஸ்லரோட 80 சதவீதத்தை வேற ஆளுக்கு வித்துடுச்சு. சின்ன கம்பெனில 50க்கு 50ன்னா ஒருத்தர் தலையை ஆட்டலன்னா எதுவுமே நகராது, கரண்ட் பில் கூட. என்னைக் கேட்டா 51க்கு 49 நல்லது, முடியலன்னா யார் எதுல கடைசி முடிவுன்னு பிரிச்சு எழுதுங்க, ஆளெடுக்குறது ஒருத்தர், விலை போடுறது ஒருத்தர்னு.

பிரிஞ்சா எப்படின்னும் சேர்றப்போவே எழுதணும், அபசகுனம்னு தள்ளிப் போடாதீங்க. ஒரு வழி உண்டு, ஒருத்தர் ஒரு பங்குக்கு விலை சொல்லணும், அதே விலைக்கு வாங்குறதா விக்கிறதான்னு மத்தவர் முடிவு பண்ணலாம். நியாயமா தெரியும், ஆனா கைல காசு இல்லாதவருக்கு இது பொறி, எதிராளிக்கு வாங்க முடியாதுன்னு தெரிஞ்சே அடிமாட்டு விலை சொல்லலாம். ரெண்டு பேரோட வசதியும் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா மட்டும் போடுங்க, இல்லன்னா வெளி ஆள் மதிப்பீடு, தவணையில பணம்னு வைங்க.

சாவி கை மாறின பிறகு

இன்சூரன்ஸ் ஒண்ணை எல்லாரும் விட்டுடறாங்க. தொழில்முறைப் பொறுப்பு பாலிசி பலதும் கிளெய்ம் வர்ற நாள்ல பாலிசி உயிரோட இருந்தாத்தான் பணம் தரும், தப்பு நடந்த நாள்ல இருந்தா போதாது. இணைப்பு முடிஞ்சதும் பழைய பாலிசியை நிறுத்திட்டா பழைய வேலைக்கு வர்ற கேஸுக்கு யாரும் பொறுப்பில்ல, அதனால சில வருஷத்துக்கு நீட்டிப்பு கவர் வாங்குங்க, அந்தச் செலவு யாரோடதுன்னும் முன்னாடியே பேசிக்குங்க.

பழைய பேங்க் அக்கவுன்டை உடனே மூடாதீங்க. ரெண்டு தடவை லெட்டர் போட்டாலும் பாதி கஸ்டமர் பழைய நம்பருக்குத்தான் பணம் போடுவாங்க, புது அக்கவுன்ட் நம்பர்னு மெயில் வந்தா மோசடின்னு சந்தேகப்படுறதும் சரிதான், அதனால பெரிய கஸ்டமர் எல்லாருக்கும் ஏற்கனவே அவங்களுக்குத் தெரிஞ்ச ஆளே போன் பண்ணி சொல்லணும். பழைய மெயில் ஐடியும் போன் நம்பரும் குறைஞ்சது ரெண்டு வருஷம் ஓடட்டும். நான் பாத்த ஒரு இடத்துல மாசம் கொஞ்சம் மிச்சம் பிடிக்க பழைய லேண்ட்லைனை மூணாவது மாசமே கட் பண்ணிட்டாங்க, அந்த நம்பருக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை போன் பண்ணி வருஷ ஆர்டர் மொத்தமும் குடுக்குற ஒரு கஸ்டமர் இருந்தார், அந்த வருஷம் அவருக்கு ரிங்கே போகல.